விஸ்காம் முதல் செட்டும் ஒற்றைக் கேமராவும்

விஸ்காம் படிக்கிறவர்களுக்குக் கண் முக்கியம், கை முக்கியம், மூளையும் ஓரளவுக்கு முக்கியம். ஆனால் முதலில் வலிப்பது தோள்பட்டைதான். ஸ்டாண்டு, கேமரா, பேட்டரிப் பெட்டி, வரைபலகை என்று ஒரு குடும்பத்தின் சாமான்களையே பேருந்தில் ஏற்றி இறக்கிய சக பாவிகள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் தோளை ஒருமுறை நான் நீவிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பு தொடங்கினார்கள். நாங்கள்தான் முதல் செட். ஓவியம், புகைப்படம், வீடியோ, கம்ப்யூட்டர், நாடகம், விளம்பரம், நடுவில் கொஞ்சம் மனோதத்துவம். எல்லாம் ஒரே படிப்பில்! அந்தப் பாடப்பட்டியலைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இலை நிறையப் பதார்த்தத்தைப் பரிமாறிவிட்டு, எதை முதலில் தொடுவாய் என்று கேட்டது மாதிரி இருந்தது.

பி.காம் எங்கே போகும்

எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா அங்கே நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் மேலே படித்தால் டீச்சர் டிரெயினிங், இல்லாவிட்டால் பி.காம். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்திருந்ததால், அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம் இடம் தயாராக இருந்தது. நானோ விஸ்காம்தான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. மில் இரைச்சலில் நாளெல்லாம் கத்திப் பேசுகிறவர், வீட்டுக்கு வந்தால் பேச்சைச் சேமிப்பார். பாடப்பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, இதில் எது படிப்பு, எது விளையாட்டு என்று கேட்டார். எல்லாமே படிப்புதான் என்றேன். முடித்தால் என்ன வேலை என்றார். அது எனக்கும் தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னால் ஒருத்தரும் படித்து முடித்திருக்கவில்லையே! கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு சமரசம் செய்துவைத்தாள். ஒரு வருடம் விஸ்காம். வருட முடிவில் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை என்றால், மறுபேச்சு பேசாமல் நான் பி.காமில் சேர வேண்டும்.

ஒரு வருடம் என்பது அந்த வயதில் ஒரு ஆயுள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடினேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

“குதிக்காதட்டி. ஒரு வருசந்தான். பி.காம் எங்கயும் ஓடிப் போயிராது.”

பேருந்தில் ஓவியப் பள்ளி

எங்கள் துறைக்கு இருந்த ஒரே முழுநேர ஆசிரியர் வாசுதேவன் சார். மெட்ராஸ்காரர், இளைஞர், எங்களைவிட ஆர்வக்கோளாறு. தினமும் நிஜ மனிதர்களைப் பார்த்து வரைந்துகொண்டு வர வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். அப்பாவைப் பார்த்து வரைய எனக்குத் தைரியம் இல்லை. மிச்சம் இருந்தது பேருந்துதான். எங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற நேரத்தில் ஒரு ஊர்வலத்தையே வரைந்துவிடலாம்.

வரைபலகையை மடியில் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். வீரவநல்லூரில் ஆரம்பித்த மூக்கு, சேரன்மாதேவிப் பள்ளங்களில் குதித்து நெற்றிக்குப் போய்விடும். முதலில் ஆட்கள் கூச்சப்பட்டார்கள். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு நடுவர் குழுவே உருவாகிவிட்டது. “காது பெருசாப் போச்சு”, “தாடை பத்தாது” என்று நின்றுகொண்டு வருகிறவர்கள் திருத்தம் சொல்வார்கள். கண்டக்டர் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துவைத்தார், கைமாறாக அவரை விசிலோடு வரைந்து கொடுத்தேன். மில்லில் யாரோ அப்பாவிடம், “உங்க மவ பஸ்ல எல்லாரு மூஞ்சியையும் உத்து உத்துப் பாக்கா” என்று வத்தி வைத்துவிட்டார்கள். அன்று சாப்பிடும்போது அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பி.காம் ஒரு அடி பக்கத்தில் வந்து நின்றது.

ஆனால் நிறுத்த முடியுமா? அவ்வளவு முகங்கள்! ஒருநாள் கீரைக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா, தன்னையும் வரையச் சொல்லி எதிர் இடத்தில் உட்கார்ந்தார். பேருந்து எப்படிக் குலுங்கினாலும் கழுத்தை அசைக்காமல், மூச்சைக்கூட அளந்து விட்டார். அப்படி ஒரு மாடல் எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. ஜங்ஷன் வந்ததும் படத்தைக் காட்டினேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா மூக்குத்தியை விட்டுட்டியே. இது எங்க அக்காள்லா, அவதான் மூக்கு குத்தாதவ.”

கருவாடும் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் அறை எங்களுக்குக் கோயில். செருப்பை வெளியே கழற்றிப் போட வேண்டும். உள்ளே ஏசி. பாளையங்கோட்டை வெயிலிலிருந்து அந்தக் கதவைத் திறந்து நுழைகிற நொடிக்காகவே சிலர் கம்ப்யூட்டரை நேசித்தார்கள். படங்களோடு வேலை செய்யக்கூடிய மிஷின் ஒன்றே ஒன்று. ஒரு படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கு என்று கட்டளை கொடுத்துவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதற்குள் முடிந்திருக்காது.

அந்த அறைக்கு ஒருநாள் ஸ்கேனர் வந்தது. கண்ணாடித் தட்டின் மேல் எதை வைத்தாலும் அது திரையில் வந்துவிடும் என்றார் சார். எங்களுக்குப் புல்லரித்தது. அவரவர் ஊரிலிருந்து தொட்டால் சொரசொரப்பு தெரிகிற ஏதாவது ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள், ஸ்கேன் செய்து பார்ப்போம் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். நான் மில் பஞ்சு கேட்டேன். கேட்டுக்கு வெளியே ஒரு துணுக்குப் பஞ்சுகூட வராது என்று அப்பா மறுத்துவிட்டார். ஆனால் வேலை முடிந்து வரும்போது அவர் தலைமுடியில், சட்டைக் கழுத்தில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்குமே! அவரை வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு இழையாக எடுத்துத் தீப்பெட்டியில் சேர்த்தேன். இத்தனை வருஷமாக இதைத்தான் உதறிக்கொண்டிருக்கிறேன், இதில் ஒரு பாடமா என்று அவர் கேட்டார். ஆனாலும் நான் எடுத்து முடிக்கிறவரை அசையாமல் நின்றார்.

என் குழுவில் இன்னும் இரண்டு பேர். சீவலப்பேரியிலிருந்து மகாராஜன், வயல்காரர் வீட்டுப் பையன். அவன் நெற்கதிர் கொண்டு வந்தான். இன்னொருவன் சேவியர், கடற்கரை ஊர்ப் பையன், அவன் அப்பா வள்ளத்தில் போகிறவர். அவன் கொண்டு வந்தது கருவாடு. பெரிய சீலாக் கருவாடு, நடுவில் பிளந்தது. கண்ணாடி மேல் படுக்க வைத்து மூடியை அழுத்தி மூடினான். திரையில் ஒவ்வொரு வரியாகச் செதில் இறங்கி வந்தபோது நாங்கள் மூச்சு விடவில்லை. வெள்ளிக்காசை அடுக்கி வைத்த மாதிரி அப்படி ஒரு அழகு! ஏதோ ஒரு புதுக் கண்டத்தைக் கண்டுபிடித்த மாதிரி நான் சேவியரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

பிறகுதான் மூச்சு விட்டோம். மூடிய அறை, ஏசி, ஜன்னல் கிடையாது. மறுநாள் அதே அறைக்கு வகுப்புக்கு வந்த கணிதத்துறை மாணவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் கோயிலில் மீன் நைவேத்தியம் மணத்தது. வாசுதேவன் சார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அந்தப் படத்துக்கு முழு மார்க் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்:

“படம் பிரமாதம் சேவியர். இனிமே கண்ணுக்கு மட்டும் வேலை குடுக்கிற பொருளா கொண்டாப்பா.”

மீசை முதலில்

உபயோகமில்லாமல் கிடந்த குளியலறை ஒன்றுதான் எங்கள் இருட்டறை. உள்ளே ஒரு சிவப்பு பல்பு, மூன்று தட்டுகள், வியர்வை. படம் கழுவுகிற மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் நேரடியாகத் தேயிலை போடலாம். அந்தச் சூட்டில் கழுவிய தாள்கள் எல்லாம் கரித்துணி மாதிரி ஆகிவிட்டன. என் முதல் உருப்படியான படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா, “கலர் கிடையாதோ?” என்று மட்டும் கேட்டார். பி.காம் இன்னொரு அடி நெருங்கியது.

மகாராஜன்தான் வழி கண்டுபிடித்தான். மருந்துத் தட்டை ஒரு பெரிய ஐஸ் தட்டுக்குள் வைத்துவிட்டால் போதும். கல்லூரி வாசலில் நன்னாரி சர்பத் விற்கிற அண்ணாச்சியிடம் தினமும் ஐஸ் வாங்க ஆரம்பித்தோம். சர்பத் குடிக்காமல் ஐஸ் மட்டும் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடுகிற பிள்ளைகளைப் பற்றி அவருக்குக் கவலை வந்துவிட்டது. அதற்குள் நாங்கள் அவரையும் படம் பிடித்திருந்தோம். நல்ல கறுத்த, அடர்ந்த, ஊரறிந்த மீசை அவருக்கு. ஒருநாள் ஐஸைத் தானே தூக்கிக்கொண்டு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்துவிட்டார்.

கதவைச் சாத்தினோம். வெள்ளைத் தாளை மருந்தில் போட்டு, தட்டைப் பைய ஆட்டினேன். ஒன்றுமில்லை. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். இன்னும் ஒன்றுமில்லை. தாளில் கறுப்பான பாகம்தான் முதலில் தெரிய ஆரம்பிக்கும், வெளுப்பானது பிறகுதான் வரும். இது எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வெறும் தாளின் நடுவில் மீசை மட்டும் மிதந்து மேலே வந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, ஆள் இல்லை. அண்ணாச்சி தன் மீசையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு கத்தினார்:

“யம்மாடி! மூஞ்சி வாரதுக்கு முந்தி மீசை வந்துட்டே!”

வேட்டி வெள்ளை

வருடக் கடைசிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு சிறு வீடியோப் படம் எடுக்க வேண்டும். பெற்றோரை வரவழைத்துப் போட்டுக் காட்டி, நடுவர்களை வைத்துப் பரிசும் கொடுப்பார்கள். எனக்கு அது பரீட்சை இல்லை, தீர்ப்பு நாள். அப்பா வருவார், பார்ப்பார், விஸ்காமா பி.காமா என்று சொல்லிவிடுவார்.

எங்கள் ஊர் மில்லில் சாயங்காலச் சங்கு ஊதியதும் கேட் திறக்கும். சைக்கிள்களும் ஆட்களுமாக வெள்ளம் மாதிரி வருவார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி. அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். துறையில் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேமரா, தோளில் வைத்தால் தோளைக் கேட்கும் எடை. ஒரு சனிக்கிழமை எங்கள் முறை வந்தது. மகாராஜனும் சேவியரும் என்னோடு ஊருக்கு வந்தார்கள். இரண்டு பையன்களோடு நான் பேருந்தை விட்டு இறங்கியதைத் தெருவே பார்த்தது. அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, கேட்காதவர்களிடமும், “கூடப் படிக்கிற புள்ளையள்” என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார்.

இந்தக் கேமராவுக்கு முதலில் வெள்ளை எது என்று காட்ட வேண்டும். ஒரு வெள்ளைப் பொருளின் முன்னால் வைத்துப் பொத்தானை அமுக்கினால், அதை அளவாக வைத்து மற்ற நிறங்களைப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று கொண்டுவந்த வெள்ளைத் தாளில் மகாராஜன் வடையை மடித்து வைத்திருந்தான். தாள் எண்ணெய் குடித்துக் கண்ணாடி ஆகிவிட்டது. சங்கு ஊதப் போகிறது. கேட்டுக்கு எதிரே தையல்கடை அண்ணாச்சி, ஊரிலேயே பளிச்சென்று வேட்டி கட்டுகிறவர், வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டோம். மனுஷன் பூரித்துப்போய், வேட்டி நுனியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். பொத்தானை அமுக்கினோம். எடுத்தோம். அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற துளையில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் நிறம் எப்படி வந்தது என்று தெரியாமலே துள்ளிக் குதித்துக்கொண்டு திரும்பினோம்.

கல்லூரியில் டி.வி.யில் போட்டுப் பார்த்தால், விக்கிரமசிங்கபுரத்துக்கே மஞ்சள் காமாலை! ஆள் மஞ்சள், சைக்கிள் மஞ்சள், வானம் மஞ்சள். நான் அழுதேவிட்டேன். வேட்டி வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று எங்கள் ஊரில் அலசும்போது நீலத்தை அள்ளிப் போடுவார்கள். மனிதக் கண்ணுக்கு அது பளீர் வெள்ளை. கேமரா அந்த நீலத்தையே வெள்ளை என்று நம்பி, உலகத்திலிருந்த நீலத்தையெல்லாம் குறைத்துவிட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது விஷயத்தைப் பக்குவமாகத் தையல்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று.

“என் வேட்டியையா குத்தம் சொல்லுதிய? அந்தக் கேமராவ ஒருக்கா நீலத்துல முக்கி எடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்.”

சேவியரின் காலி ஸ்டாண்டு

சார் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, இன்னொரு குழுவிடமிருந்து ஒரே ஒரு சாயங்காலத்துக்குக் கேமராவை வாங்கினோம். இதுவும் போனால் படம் இல்லை. படம் இல்லையென்றால் எனக்கு அடுத்த வருடம் வரவு செலவுக் கணக்குதான். இந்த முறை ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொண்டுவந்தோம், வடைக்கு வேறு தாள்.

ஆனால் ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. போனதடவை ஆட்கள் எங்களைக் கவனிக்கவே இல்லை, அவரவர் பாட்டுக்குப் போனார்கள். இப்போது தையல்கடை அண்ணாச்சி வேட்டி விவகாரத்தை ஊரெல்லாம் சொல்லி நியாயம் கேட்டிருந்ததில், மறுபடியும் எடுக்க வருகிறார்கள் என்பது மில்லுக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. “இன்னைக்கு ஷிப்டுக்குப் போனவங்கள்ல பாதிப் பேரு சீப்பும் பவுடருமாத்தான் போயிருக்காங்க” என்றார் அவரே. கல்யாண வீடியோ மாதிரி எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தால், அது என்ன படம்?

சேவியர் ரோட்டை மேலும் கீழும் அளந்து பார்த்தான். “ஏ மக்கா, மீனு ஒரு பக்கம் போணும்னா இன்னொரு பக்கம் தண்ணிய அடிக்கணும்” என்றான். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் தூரமாகப் போய், ஆட்கள் வருகிற வழிக்கு எதிரே அதை நட்டு வைத்தான். அதன் மேல் காலி அட்டைப்பெட்டி, அதைப் போர்த்திக் கறுப்புத் துணி. உண்மையான கேமராவோடு நானும் மகாராஜனும் தையல்கடை மாடி ஜன்னலில் பதுங்கினோம். வேட்டிக் கோபம் தணிந்து, மாடியைத் திறந்துவிட்டதும் அந்த அண்ணாச்சிதான்.

சங்கு ஊதியது. கேட் திறந்தது. சேவியர் கையை ஆட்டி, “ஆக்‌ஷன்! ஆக்‌ஷன்!” என்று கத்தினான். அத்தனை பேரும், அத்தனை சைக்கிளும், பவுடர் பூசிய அத்தனை முகமும் அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தன. ஒருத்தன் சிரித்தான், ஒருத்தன் முடியைக் கோதினான், ஒருத்தன் அடுத்தவனை இடித்துத் தள்ளி முன்னால் வந்தான். பக்கவாட்டிலிருந்து எல்லாவற்றையும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் என் இதயம் அடித்துக்கொண்டது கேமராவில் பதிவாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் ஒரே ஒருவர், சைக்கிளை உருட்டிக்கொண்டு, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, மாடி ஜன்னலை, என் கேமராவை, நேராகப் பார்த்துக்கொண்டே வருகிறார். என் அப்பா!

போச்சு, படம் கெட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அழாத குறையாக, ஏன்ப்பா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிஜக் கேமரா மாடியில் இருந்ததே அவருக்குத் தெரியாது.

“நீதானட்டி கேமராவப் பாக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்ன? அதான் அந்தப் பையன் இருந்த பக்கமே நான் திரும்பல.”

தீர்ப்பு நாள்

அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். வாசுதேவன் சார் டி.வி.யை இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். “இவரை வெட்டினா மிச்சம் வெறும் கூட்டம்தாம்மா. யாரு இவரு?” என்று கேட்டார். சொன்னேன். சார் அந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் திரையில் நிற்கிற மாதிரி வைக்கச் சொன்னார்.

படம் காட்டுகிற அன்று அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். வழியில் பி.காம் கல்லூரி நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது எட்டிக் கட்டடத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், இங்கே பீஸ் எவ்வளவு வரும் என்று விசாரித்தார். நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கல்லூரியில் எல்லாப் பெற்றோரும் முன்வரிசையைப் பிடிக்க, அப்பா கதவோரம் கடைசி பெஞ்சில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்தார். முதலில் பாபநாசத்துக்குப் போன குழுவின் அருவிப் படம். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன அருவி. அடுத்தது எங்களுடையது.

சங்கு ஊதுகிற சத்தம் கேட்டதும் அப்பா பழக்கத்தில் எழுந்துவிட்டார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கேட் திறந்தது. ஆட்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள், ரோடு நிறைந்து வழிந்தது. அட்டைப்பெட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டிய முகங்களைக் கண்டு அறையே சிரித்தது. நடுவில் அப்பாவின் முகம் திரும்பியது. சிரிப்பு அப்படியே நின்றது. அப்பா பக்கத்தில் நின்ற நான் படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அதற்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தவர்களைத்தான் பார்த்தார். “நாங்க இம்புட்டுப் பேரா?” என்று என்னைக் கேட்டார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்தக் கேட்டில் நுழைந்து வெளியே வருகிறவர். கூட்டத்துக்குள்ளேயே நடந்தவருக்கு முன்னால் போகிற சைக்கிளின் கேரியர்தான் தெரிந்திருக்கும். ஆமாம்ப்பா என்றேன்.

விளக்கைப் போட்டார்கள். வாசுதேவன் சார் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து, அப்பாவின் கையைப் பிடித்து, உங்களுக்கு எப்படிங்க இருந்தது என்று கேட்டார். மகாராஜனும் சேவியரும் என் பின்னால் வந்து நின்றார்கள், அவர்களுக்கும் விஷயம் தெரியும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மேஜை மேல் இருந்த கேமராவைப் பார்த்தார், அதைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நின்ற எங்கள் வகுப்பைப் பார்த்தார். மில்லில் பேசுகிற குரலில், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“சார், அடுத்த வருசமாவது இந்தப் புள்ளையளுக்கு இன்னொரு கேமரா வாங்கிப் போடுங்க. ஒரு மிஷினச் சுத்தி இத்தன பேரு நின்னா வேலை எப்பிடி ஓடும்?”

விஸ்காமை நான் முழுசாகப் படித்து முடித்தேன் என்பது உண்மைதான் என்றாலும், அன்றைய முதல் பரிசு என்னவோ அருவி எடுத்தவர்களுக்குத்தான் போனது. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் அருவி கேமராவைத் திரும்பிப் பார்க்காது என்கிற சௌகரியத்தை நடுவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.